நாலு டப்பாவும் ஒரே நாற்றம்

ஆரியசாலைக் கடைத்தெருவில் பெருங்காயம் மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு என் மருமகள் செல்லபாயைத் தெரியும். கலக்காத பெருங்காயத்தைக் கிள்ளி மூக்கருகே கொண்டுபோனால் போதும், மணம் கெடாமல் அது எவ்வளவு மாவு தாங்கும் என்று சொல்லிவிடுவாள். எங்கள் பெருங்காயக் கடையில் கணக்கும் சரக்கும் பார்ப்பது என் மகன் அஜீஷ். கடைக்கு மூக்கு அவள்தான்.

போன வருஷம் கழக்கூட்டம் சாலையில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து அவளுக்குப் பின்மண்டையில் அடி. தையல் ஆறியது, தலைசுற்றல் நின்றது, வாசனை மட்டும் திரும்பவில்லை. சட்டியில் மீன் கரிந்து புகை கண்ணில் பட்ட பிறகுதான் அடுப்பை அணைத்தாள். கடைக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள்.

டாக்டர் ராஜஸ்ரீ சொன்னதைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மூக்கின் உச்சியில் ஸ்டெம் செல் என்று ஒரு கூட்டம் இருக்கிறதாம். வாசனை அறியும் நரம்புச் செல்கள் செத்தால், இவை பெருகிப் புதிதாகப் பெற்றுப்போடுமாம், இந்த வயதிலும்! புதியவை நூல் விட்டு மூளை வரை போய்ச் சேர வேண்டும். மாதக்கணக்காகும், எல்லோருக்கும் சேரும் என்று சொல்வதற்கில்லை என்றார். துணைக்கு ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூக்கலிப்டஸ் நான்கையும் காலை மாலை முகர்ந்து பழகச் சொன்னார்.

எங்கள் வீட்டில் டப்பாவுக்கா பஞ்சம்? கடையின் பழைய பெருங்காய டப்பாக்களை நானே சோப்புப் போட்டுக் கழுவி, டப்பாவுக்கு ஒன்றாக அந்த நாலு வாசனை எண்ணெயிலும் நனைத்த பஞ்சை உள்ளே வைத்தேன். மாதங்கள் போயின, ஒன்றும் வரவில்லை. அவள் விட்டுவிடப் பார்த்தாள். நான் விடுவேனா? டப்பாவும் கையுமாகப் பின்னாலேயே நடந்தேன்.

ஒரு நாள் முகத்தைச் சுளித்தாள். "மாமி, நாலும் ஒரே நாத்தம்லா அடிக்கு."

நானும் அஜீஷும் முகர்ந்தோம். ரோஜா ரோஜாவாகத்தான் இருந்தது. நரம்பு கோணலாக முளைத்துவிட்டது என்று அவன் பயந்துபோனான். கடைக்கு வேறு ஆள் பார்க்கத்தான் வேண்டும் என்று முணுமுணுத்தான். அவள் அன்று சாப்பிடவில்லை.

எனக்கு மனம் ஒப்பவில்லை. டப்பாக்களைப் பையில் போட்டு, அவளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். ரோஜா டப்பாவைத் திறந்த டாக்டர் தலையைப் பின்னுக்கு இழுத்தார். என்ன டப்பா என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பை அடக்க அவருக்கு வெகுநேரம் ஆனது.

பிளாஸ்டிக்கில் ஊறிய பெருங்காயம் சோப்புக்குப் போகுமா? சேலையிலும் தலைமயிரிலும் அதைச் சுமந்து திரிகிற எங்களுக்கு அது வாடையே இல்லை.

"கோணலும் இல்ல, ஒண்ணும் இல்ல. உள்ளதத்தான் சொல்லியிருக்கா. மூக்கு முளைக்கத் தொடங்கியாச்சு, கேட்டோ" என்றார் டாக்டர்.

தன் வாசனைப் புட்டிகளை எடுத்து அவளுக்கு முகரக் காட்டினார். கிராம்பு லேசாக வந்தது, ரோஜா வரவில்லை. செல்லபாய் அழுதுகொண்டே திரும்பத் திரும்பக் கிராம்பையே முகர்ந்தாள்.

வீட்டுக்கு வரமாட்டேன் என்றாள். நேரே கடைக்குப் போய்த் தன் ஸ்டூலில் உட்கார்ந்து, பெருங்காய மூட்டையிலிருந்து கிள்ளி முகர்ந்தாள். அஜீஷ் கணக்கை விட்டு எழுந்து வந்தான்.

"காயம்தான். எவ்வளவு மாவு தாங்கும்னு தெரியல."

"அதுவும் வரும், பிள்ளே" என்றேன்.

அவள் அஜீஷைப் பார்த்தாள். "வரட்டும். அதுவரைக்கும் இந்த ஸ்டூல்ல வேற யாரையும் இருத்தப்பிடாது."