கல், இரண்டு கட்டம்

கண் ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவால் பத்திரிகை படிக்க முடிவதில்லை. குறுக்கெழுத்துக் குறிப்புகளை நான்தான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறேன். இன்று ஒரு குறிப்பு இப்படி வந்தது: "காலில் குத்தும், படிக்கவும் சொல்லும். இரண்டெழுத்து."

இதே குறிப்பை எட்டு வயதில் கேட்டிருக்கிறேன், வடக்கே, ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில். கோடை மத்தியானம். கூலரின் இரைச்சலோடு அதன் நனைந்த வைக்கோல் தட்டியின் வாசனை அறை முழுக்க இருந்தது. அம்மா தரையில் குப்புறப் படுத்து, பென்சிலைக் கடித்தபடி கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குறிப்பை ரெண்டு தடவை சத்தமாகப் படித்தாள். பிடிபடவில்லை. தலையைத் தூக்காமல் என்னிடம் வேறொன்று கேட்டாள்.

"ஏட்டி, தமிழ் எழுத்தெல்லாம் எப்போ எழுதிக் காட்டப்போற?"

"கல்," என்றேன். ஸ்கூல் ஹிந்தியில் கல் என்றால் நாளைக்கு.

"கல்லா? ஆமா, கல்லுதான்," என்று கட்டங்களை நிரப்பினாள். கல் என்றால் கற்றுக்கொள் என்றும் அர்த்தம் உண்டு என்று அப்புறம்தான் சொன்னாள். எழுத்துகளை மறுநாளும் நான் எழுதிக் காட்டவில்லை. நாளை நாளை என்று, நாற்பது வயதில்தான் ஆரம்பித்தேன்.

இன்று விடையைச் சொன்னேன். அம்மா தலையாட்டினாள். அடுத்த குறிப்பை வாசிக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. பாதியிலேயே அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மீதி கல்," என்றாள்.

நாளைக்கு என்றாளா, கற்றுக்கொள் என்றாளா, நான் கேட்கவில்லை.