சி மேடத்தின் கோழிக்கூடு

“கம்பிகளாலோ சட்டங்களாலோ அடைக்கப்பட்டது. உள்ளே இருக்கும் உயிர் வெளியே தெரியும். இது என்ன?”

பஞ்சர் கடை அண்ணன் தலையை நிமிர்த்தவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குள் ட்யூபை அமுக்கிப் பிடித்துக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். “கூண்டு,” என்றார்.

கடைமுன் நின்ற தங்கை கையிலிருந்த அட்டையில் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு அடுத்த அட்டையை எடுத்தார். “கோழிகள் முட்டையிடவும் இரவில் அடையவும் காற்றோட்டம் விட்டு அமைத்த சிறு அடைப்பு. இது என்ன?”

“கோழிக்கூடு. இதுக்கெல்லாமா பாப்பா உனக்குச் சம்பளம் தராங்க?” குமிழி வந்துவிட்டது. அண்ணன் காதில் செருகியிருந்த மஞ்சள் மெழுகுச் சாக்பீஸை எடுத்து, ஓட்டையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். “நான் எங்க ஓட்டைன்னு கண்டுபிடிக்கிறேன். நீ கண்டுபிடிச்சதையே வந்து கேக்கறே.”

தினமும் காலையில் அலுவலகத்துக்குப் போகும் வழியில் இது நடக்கும். ஆங்கிலம் – தமிழ் அகராதி ஒன்றைத் தயாரிக்கும் நிறுவனத்தில் தங்கைக்கு இருபத்திரண்டு வருட வேலை. அங்கே ஆளுக்கொரு எழுத்து. எழுத்தே பெயராகிவிடும். பி சார், எஸ் சார்; இவர் சி மேடம். போன மாதம் ஓய்வு பெற்றவரை இன்னமும் எல்லாரும் டபிள்யூ என்றுதான் விசாரிக்கிறார்கள்.

பொருளை எழுதியதும், சொல்லை மறைத்துவிட்டு அண்ணனிடம் படித்துக் காட்டுவது சி மேடம் தனக்குத்தானே வைத்துக்கொண்ட சட்டம். அண்ணன் சரியாகச் சொன்னால் அட்டை தேறியது. ஒரு முறை அலமாரிக்கு அவர் எழுதியிருந்ததைக் கேட்டுவிட்டு அண்ணன், “சவப்பெட்டி,” என்றார். அட்டை அங்கேயே கிழிந்தது. “நடுவுல ஒரு தட்டு சேத்துக்க,” என்று யோசனையும் சொன்னார். சேர்த்துக்கொண்டார்.

கைப்பையில் எப்போதும் ஓர் அளவு நாடா இருக்கும். “முதலியன” என்ற சொல் அவர் எழுதும் எந்த அட்டையிலும் இருக்காது. “எழுதறவங்களுக்கு அலுத்துப் போச்சுன்னு அதுக்கு அர்த்தம்,” என்பார். கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய எதையும் தொடாமல் எழுதமாட்டார். இந்தத் தடவை புதிய பதிப்புக்காக விலங்குகளை அடைக்கும் சொற்கள் அவர் எழுத்தில் வரிசையாக வந்து விழுந்தபோது இரண்டு வாரம் அலுவலகத்தில் அவரைக் காணவில்லை. எல்லாவற்றுக்கும் ‘கூண்டு’ என்றே முன்னிருந்தவர்கள் பொருள் போட்டதை இவரும் இதுவரை விட்டு வைத்திருந்தார். இப்போது ஒவ்வொன்றாகப் பிரித்தார். கேஜ் என்றால் கூண்டு. லத்தீனில் குழிவான இடத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. கோட் என்றால் புறாக்களுக்கான சிறு வீடு. குடிசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்குச் சொந்தக்காரச் சொல். கொரால் என்றால் மாடும் குதிரையும் நிற்கும் பட்டி. ஸ்பானிய மொழியிலிருந்து வந்தது. கூப் என்றால் கோழிக்கூடு. அதற்காக ஒரு கோழிப் பண்ணையில் மண்டியிட்டு, கூட்டுக்குள் தோள்வரை நுழைந்து அளந்துவிட்டு வந்தார். தலையில் ஒட்டியிருந்த வைக்கோலைப் பார்த்து எஸ் சார், “முட்டை எத்தனை மேடம்?” என்று கேட்டார். சி மேடம் சிரிக்காமல், “உங்க எழுத்துல ‘ஸ்டை’, பன்னிக் கொட்டில் வருது சார். நீங்க எப்ப உள்ள போகப் போறீங்க?” என்றார்.

இந்தக் கூப் விஷயத்தில் அவருக்கு ஒரு பழைய கதை உண்டு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், அந்தச் சொல்லின் பிறப்பை எழுதும்போது, ‘கூடு என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்தது’ என்று ஒரு வரி போட்டிருந்தார். அந்த வரி அகராதியைவிடப் புகழ் பெற்றுவிட்டது. ஆசிரியர்கள் வகுப்பில் சொன்னார்கள். நிறுவனத்தின் விளம்பரத்தில் அது பெரிய எழுத்தில் வந்தது. அண்ணன் அகராதியிலிருந்து அந்தப் பக்கத்தை வெட்டி, லேமினேட் செய்து, காற்றழுத்த அட்டவணைக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். காற்றடிக்க வருபவர்களிடம், “என் தங்கச்சி எழுதினது,” என்பார். யாராவது குனிந்து பார்த்து, “பேரக் காணோமே?” என்றால், “கோழி முட்டையில கையெழுத்தாப் போடுது?” என்று மடக்குவார். ஆனால் ஒவ்வொரு பதிப்பு வேலை தொடங்கும்போதும் தங்கையிடம் மட்டும் மெதுவாகக் கேட்பார்: “இந்தத் தடவையாவது உன் பேரு வருமா பாப்பா?”

புதிய பதிப்புக்கு சி மேடம் தன் பழைய அட்டைகளை வேறு யாரோ எழுதியவை போலப் பார்த்தார். கூப் வந்தது. அலுவலகத்தின் தடித்த வரலாற்று அகராதிகளைப் புரட்டினார். ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதலில் கூடையைக் குறித்தது. அதற்கும் முன்னால் லத்தீனில் தொட்டியையும் மரப் பீப்பாயையும் குறித்த ஒரு சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். அந்த அறிஞர்களே ‘இருக்கலாம்’ என்றுதான் எழுதுகிறார்கள். தான் ஏன் அவ்வளவு உறுதியாக எழுதினோம் என்று தன் பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்துப் பார்த்தார். ஆதாரம் என்று போட்ட கட்டத்தில் ஒன்றும் இல்லை. காதுக்கு ஒன்றுபோல் கேட்டது, மனதுக்குப் பிடித்தது, எழுதியாயிற்று.

மறுநாள் அகராதியின் தலைமைப் பதிப்பாசிரியர் அறைக்குப் போனார். அவர் நல்ல மனிதர். அந்த வரியை எந்த மேடையிலும் சொல்லாமல் விடாதவர்.

“நாலு பதிப்பா இருக்குங்க மேடம். ஒருத்தர்கூடக் கேக்கல.”

“நான் கேக்கறேன் சார்.”

“ஒரு கோழிக்கூட்டுக்காக இவ்வளவு பெரிய வம்பா? சத்தமில்லாம எடுத்துட்டாலும், எங்க போச்சுன்னு நூறு பேர் கடுதாசி போடுவாங்க. இருந்துட்டுப் போகட்டுமே.”

“ஒரே ஒரு ஆதாரம் காட்டுங்க சார். விட்டுடறேன்.”

“எழுதினது நீங்க. நீங்கதானே காட்டணும்?”

“அதான் சார். என்கிட்ட இல்ல.”

தலைமைப் பதிப்பாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சத்தமில்லாமல் எடுப்பது சரியில்லை என்பதையும் மேடமே சொன்னார். இத்தனை வகுப்புகளில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தவறு என்று முன்பக்கத்தில் அச்சடித்தால்தான் ஆசிரியர்கள் நிறுத்துவார்கள்.

“திருத்தம்னு போட்டா, யார் செஞ்ச தப்புன்னு கேப்பாங்க. நிறுவனத்துத் தலையில விழும்.”

“என் பேரைப் போடுங்க.”

அவர் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “இருபத்திரண்டு வருஷத்துல உங்க பேரு இந்த அகராதியில ஒரு இடத்துலயும் வந்ததில்ல. முதல் தடவை வர்ற இடம் இதுவாங்க இருக்கணும்?”

“வேற எங்க சார் பேரு போடுவீங்க?” என்றார் சி மேடம். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு இடம் ஏதும் தெரிந்தால் சொல்லட்டும் என்பதுபோல் உண்மையாகவே காத்திருந்தார். பிறகு திருத்தத்தை எழுதிய அட்டையை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். மாலையில் அது பதிப்பாசிரியரின் கையெழுத்தோடு திரும்பியது. எஸ் சார் அன்று ஒரு கிண்டலும் செய்யவில்லை. தன் அட்டைக் கட்டைப் பிரித்து முதலிலிருந்து சரிபார்க்கத் தொடங்கியிருந்தார்.

வெள்ளிக்கிழமை, திருத்தம் அச்சாகும் முன்பக்கத்தின் மெய்ப்பு வந்தது. சனிக்கிழமை காலை சி மேடம் பஞ்சர் கடைக்குப் போனபோது கையில் அட்டை இல்லை. அண்ணன் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் ஒரு சரக்கு வண்டி ஓட்டுநர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னிக்குக் கேள்வி இல்லியா?”

“பேரு வருதுண்ணா. புதுப் பதிப்புல.”

அண்ணன் ட்யூபை அப்படியே தண்ணீரில் விட்டார். கையைக்கூடத் துடைக்காமல் ஓட்டுநர் பக்கம் திரும்பி, “நான் சொல்லல?” என்றார். ஓட்டுநரிடம் அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை. “எங்க வருது? மேலட்டையிலயா? உள்ளயா?”

சி மேடம் மெய்ப்பை நீட்டினார். அண்ணன் ஈரக் கையோடு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உதடுகள் அசைய மெல்லப் படித்தார். ஒரு முறை முடித்து மறுபடி மேலிருந்து படித்தார். பிறகு சுவரில் தொங்கும் பக்கத்தைப் பார்த்தார்.

“அப்ப இது?”

“தப்புண்ணா. நான் செஞ்ச தப்பு.”

“கழட்டிடட்டுமா பாப்பா?” குரல் இறங்கியிருந்தது. எழுந்து ஆணிப் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

சி மேடம் வேண்டாம் என்று தலையசைத்தார். தானே கை நீட்டி அண்ணன் காதில் இருந்த மஞ்சள் சாக்பீஸை உருவினார். சுவரருகே போய்த் தன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அந்த ஒரு வரியைச் சுற்றி, ட்யூபில் ஓட்டையைக் குறிப்பதுபோல நிதானமாக வட்டம் போட்டார். கோணியிருந்த பக்கத்தை ஆணியில் நேராக்கினார். சாக்பீஸைத் திரும்ப அண்ணன் காதில் செருகிவிட்டு அலுவலகத்துக்கு நடந்தார்.