துரை பங்களாவின் ரோஜாத் தொட்டி

மனைவி வாங்கிவந்த ரோஜாச் செடியில் நர்சரிக்காரனின் மஞ்சள் அட்டை ஆடியது. நாற்பது தாண்டியும் என் கை முதலில் அதைப் பிய்க்கத்தான் போனது.

தொண்ணூறுகளில் அப்பா பெங்களூர் ஸ்ரீராம்புரத்து வீட்டிலிருந்து தினமும் போய், ஒரு மேட்டு பங்களாவில் தோட்டக்காரராக இருந்தார். முதலாளி தன்னைத் ‘துரை’ என்றே கூப்பிடச் சொல்வார். கூடத்தில் யாருக்கும் வாசிக்கத் தெரியாத பியானோ, யாரும் உட்காரக் கூடாத வெள்ளைக்காரன் காலத்து நாற்காலிகள். சரிவில் படிப்படியாக இறங்கும் தோட்டத்தைத் துரை கைத்தடியால் மட்டுமே தொடுவார்.

வருடாவருடம் தோட்டப் போட்டி நடக்கும். முதல் நாளே நர்சரியில் பூத்த ரோஜாக்களை வாங்கி, தொட்டியோடு மண்ணில் புதைத்து, அங்கேயே வளர்ந்ததாகக் காட்டுவது துரையின் வழக்கம்.

“மாட்டினா என் வேலை போச்சுடா. வாயத் தொறக்காத,” என்றார் அப்பா, ஒரு வருடம் போட்டியன்று என்னையும் கூட்டிப்போனபோது.

நடுவர் அம்மா குனிந்தபோது ஒரு செடியில் மஞ்சள் அட்டை தொங்கியது. மாவீரன் நான், பாய்ந்து இழுத்தேன். தொட்டியோடு செடியே வந்துவிட்டது. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, கேட்காமலே என் பெயர், வகுப்பு எல்லாம் ஒப்பித்தேன்.

துரை அப்பாவைப் பார்த்துக் கத்தினார்: “மோசம் பண்றியா? நாளைலேருந்து வராதே!”

“இர்லி பிடி சார், இருக்கட்டும் விடுங்க,” என்று கன்னடம் கலந்து சிரித்தார் நடுவர். “எல்லா பங்களாவுலயும் இதே அட்டைதான். உங்க ஆளு ஒருத்தர்தான் தொட்டி விளிம்பு தெரியாம புதைச்சிருக்காரு.”

முதல் பரிசுக் கோப்பை எங்களுக்கே. துரை அப்பாவின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

“நாளைக்கு வரலாமா தொரை?”

“ஏழு மணிக்கே வா,” என்றவர், கைக்குட்டையை எடுத்து அந்தக் கையைத் துடைத்தார்.