இரண்டு சணல் கயிறுகள்

என் மேசை இழுப்பறையில் பல வருடங்களாக இரண்டு சணல் கயிறுகள் சுருண்டு கிடக்கின்றன. ஒன்று மற்றதைப்போல ஒன்றரை மடங்கு நீளம். திண்டுக்கல்லில் இந்தத் தோல் பதனிடும் ஆலையில் மருந்து கலக்கும் வேலைக்கு நான் சேர்ந்த புதிதில், அவற்றை வெட்டியவர் எங்கள் மேஸ்திரி பாய்.

ஆட்டுத்தோலையும் மருந்துத் தண்ணீரையும் போட்டுச் சுழற்றும் மர டிரம் அவர் பொறுப்பு. விளிம்பில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருப்பார். நிமிடத்துக்குப் பத்துமுறை அது கண்ணில் பட வேண்டும். "பத்துக்கு மேலயும் ஆகாது, கீழயும் ஆகாதும்மா" என்பார். முப்பது வருடமாக அந்த எண்ணிக்கையை யாரும் கேள்வி கேட்டதில்லை. அப்புறம் ஒரு பெரிய டிரம் வந்தது. அதற்கும் துணி கட்டி, அதே பத்துச் சுற்று வைத்தார். தோல்கள் மேல்முகம் உரிந்து வெளியே வந்தன. மறுமுறையும் அப்படியே.

"மருந்துலதான் கோளாறு. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வேற எடம் பாத்துக்கங்க" என்றார் முதலாளி. நாலுமுறை சோதித்துவிட்டேன், மருந்தில் ஒரு குறையும் இல்லை.

அன்று சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் இரண்டு டிரம்களையுமே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு துணிகளும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாகவே திரும்பின. ஆனால் பெரியதில் இருந்த துணி பறந்தது. அதே நேரத்துக்குள் அது எவ்வளவு தூரம் ஓட வேண்டியிருக்கிறது! பாயிடம் சொன்னேன். நம்பாமல் சிரித்தார். ஆனாலும் டிரம்களை நிறுத்தி, ஒவ்வொன்றையும் சணலால் ஒரு சுற்றுச் சுற்றி வெட்டி, முற்றத்தில் அருகருகே நீட்டினார். சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒரு சுத்துக்கு இம்புட்டுக் கூடவா ஓடுது? அப்ப தோலு அடிபடாம என்ன செய்யும்?"

தூரம் ஒன்றரை மடங்கு என்றால் விளிம்பின் வேகமும் ஒன்றரை மடங்கு. மோட்டாரில் பெல்ட் ஓடும் புல்லியைச் சிறியதாக மாற்றி, பெரிய டிரம்மை நிமிடத்துக்கு ஏழு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றவிட்டோம். தோல் வழுவழுவென்று வந்தது.

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். அப்படித்தான் இருப்பார் என்று நினைத்து நான் உள்ளுக்குள் புழுங்கினேன், அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். கயிறுகளைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே முதலாளி அறைக்குப் போனார். "பிசகு இந்தப் புள்ள மருந்துல இல்ல மொதலாளி. ரெண்டுக்கும் ஒரே பத்துன்னு நான் வச்சதுதான் தப்பு."

பாய் ஓய்வு பெற்றுவிட்டார். போன மாதம் மூன்றாவது டிரம் வந்தது. நான் சணலோடு போய் நின்றதும் புது மேஸ்திரி, "அதான் மீட்டர் இருக்குல்ல மேடம்" என்றார். மீட்டர் சுற்றை மட்டும்தானே எண்ணும்! அளந்து வெட்டி, அந்தக் கயிற்றையும் இழுப்பறையில் வைத்தேன், பாய் முதலாளியிடம் கொண்டுபோன இரண்டுக்கும் பக்கத்தில்.