ஆவுரோஞ்சிக்கல்லில் ஒரு புள்ளடி

சுற்றுலா வருகிறவர்களுக்கு யாழ்ப்பாணத்தைக் காட்டுவது என் தொழில். கோட்டை, நல்லூர், கீரிமலை என்று எல்லாரும் காட்டுவதைத்தான் நானும் காட்டுகிறேன். ஆனால் மருதனார்மடம் தாண்டியதும் சாரதியிடம் வானை எங்கள் ஊர்ப்பக்கம் திருப்பச் சொல்லி, தெருவோரத்து ஒற்றைக் கல்லின் முன்னால் எல்லாரையும் இறக்கிவிடுவேன். கல்லைப் பார்க்கவா கடல் தாண்டி வந்தோம் என்று முகம் சுளிக்கிறவர்களும் உண்டு. அவர்களுக்குத்தான் இன்னும் கூடுதலாக விளக்கம் சொல்வேன். என் குணம் அப்படி.

அது ஆவுரோஞ்சிக்கல். மேய்ந்து வரும் மாடு தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டு, தினவு தீரக் கழுத்தைத் தேய்த்து உரோஞ்சிக்கொள்வதற்காகக் கிணற்றடியில் யாரோ நட்டது. நட்டவர் பேர் அதில் இல்லை. கோயில் கட்டுகிறவர்கள் பேர் வெட்டுவார்கள், மடம் கட்டுகிறவர்களும் வெட்டுவார்கள். ஒரு மாட்டின் கழுத்துத் தினவை நினைத்துச் செலவழித்துவிட்டுப் பேசாமல் போன அந்த மனிசரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

வீதியை அகலிக்க அளக்க வந்த இளம் அதிகாரி, அந்தக் கல்லில் சோக்கட்டியால் குறுக்கும் மறுக்குமாக ஒரு புள்ளடி போட்டார். எடுத்தெறிய வேண்டியவற்றுக்கு அந்த அடையாளம்.

"பாவனையிலை இல்லாததுகளை எடுக்கச் சொல்லி உத்தரவு அக்கா. கிணறு பாவனையிலை இருக்கு, அது நிக்கும்."

"பாவனையிலை இருந்தால் கல்லும் நிக்குமோ?"

"ஓம், வீதியைக் கொஞ்சம் விலத்திப் போடலாம். ஆனா இப்ப ஆர் உதிலை மாட்டைக் கொண்டுவந்து விடுகினம்?"

சிரித்துக்கொண்டே போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொன்னது உண்மை என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது.

பக்கத்து வளவில் மாடு வளர்க்கும் அண்ணையிடம் போய்ச் சொன்னேன். அவர் கையில் உடனே வழி இருந்தது.

"ஏன் தங்கச்சி தலையைப் போட்டு உடைக்கிறாய்? கல்லுக்குப் பட்டைச் சுத்தி, திருநீறு பூசி, பக்கத்திலை ஒரு சூலத்தை நட்டுவிடு. ஒருத்தனும் கை வைக்கான்."

அது பலிக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

"மாட்டுக்கெண்டு நட்ட கல் அண்ணை. நாங்கள் அதைச் சாமியாக்கினால், நாளைக்கு மாடு கிட்ட வந்தால் கலைச்சு அடிப்பம். எனக்கு உந்த வேலை வேண்டாம். உங்கடை மாட்டைத் தாங்கோ."

தந்தார். வெள்ளைப் பசு. வீட்டு முருங்கையில் உரோஞ்சிப் பழகியதற்குக் கல்லைப் பற்றி என்ன தெரியும்? கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கட்டினால் புல்லைத் தின்றது, படுத்து அசை போட்டது. ஒருநாள் எழும்பிப் போய் மின்கம்பத்தில் உரோஞ்சியது. அண்ணை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கு மாட்டோடும் கோபம், அண்ணையோடும் கோபம்.

பிறகுதான் விளங்கியது. கல்லின் தலை மாட்டின் முழங்காலுக்குச் சற்று மேலே நின்றது. கழுத்து எப்படி எட்டும்? தாருக்கு மேல் தாரும் மண்ணுக்கு மேல் மண்ணுமாகப் போட்டுப் போட்டு வீதி உயர்ந்துவிட்டது. கல் பாதிக்கு மேல் புதைந்து கிடந்தது.

மண்வெட்டியை எடுத்தேன். பயணிகளை விட்டுவிட்டு வரும் பின்னேரங்களில் கல்லைச் சுற்றி, மாடு இறங்கி நிற்கிற அளவுக்கு அகலமாக வெட்டினேன். போகிற வருகிறவர்கள் புதையலோ என்று கேட்டார்கள். ஓம் என்றேன். சிரித்துக்கொண்டிருந்த அண்ணை ஒருநாள் இறுகிய மண்ணைக் குத்திக் கிளப்ப அலவாங்கோடு வந்து பள்ளத்தில் இறங்கினார்.

புதைந்திருந்த பகுதி வெளியே வந்தபோது கையை வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. எத்தனை கழுத்துகள் தேய்த்த தேய்ப்பு! எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த நாள் பசு பள்ளத்தில் இறங்கி, கல்லை முகர்ந்து பார்த்து, கண்ணைச் செருகிக்கொண்டு கழுத்தை உரோஞ்சியது.

அதிகாரி சிவப்புப் பெயின்ற் வாளியோடு ஒரு தொழிலாளியையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது, நான் மதுரையிலிருந்து வந்த ஒரு குழுவோடு அங்கே நின்றேன். அண்ணையும் நின்றார். நான் வாய் திறப்பதற்குள் தொழிலாளி கல்லில் பெரிய புள்ளடியாகப் போட்டுவிட்டார்.

"தம்பி, இது இப்ப பாவனையிலை இருக்கு" என்றேன்.

கயிற்றில் நின்ற பசுவை அதிகாரி ஏற இறங்கப் பார்த்தார். "எனக்குக் காட்டக் கட்டி வைச்ச மாடு மாதிரியெல்லோ கிடக்கு, அக்கா."

குழுவில் ஒரு அம்மா என் தோளைத் தொட்டார். "பாவனைன்னா நடிப்புதானேங்க? மாடு நடிக்குதுங்கிறாரா?"

எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் ஊரில் பாவனை என்றால் உபயோகம் என்று விளக்கினேன். ஆனால் அதிகாரியின் சந்தேகமும் அந்த அம்மாவின் அர்த்தத்தில்தான் நின்றது. இனிச் சொல்லி வேலையில்லை. போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

"ஐயோ, விடாதை!" என்றார் அண்ணை.

பசு நேரே அந்த அம்மாவிடம் போய், நீர்வேலியில் வாங்கிய வாழைப்பழப் பைக்குள் மூக்கை விட்டது. ஒரு பழத்தைத் தோலோடு தின்றது. ஆறுதலாகத் தொட்டிக்குப் போய்த் தண்ணீர் குடித்தது. வீட்டுப் பக்கம் ஒருமுறை தலையைத் திருப்பியது. பிறகு பள்ளத்தில் இறங்கி, ஈரம் காயாத புள்ளடி மேலேயே கழுத்தை வைத்து ஆசை தீர உரோஞ்சியது.

வெள்ளைக் கழுத்து முழுக்கச் சிவப்பு. கல்லில் புள்ளடி இல்லை, வெறும் தீற்றல்தான்.

"திருப்பிப் போடட்டோ சேர்?" என்று தொழிலாளி கேட்டார்.

அதிகாரி பசுவைப் பார்த்தபடியே நின்றார். "வேண்டாம்" என்றார்.

மண்ணெண்ணெய் போட்டுக் கழுத்தைத் துடைக்கத் துடைக்க அண்ணை என்னைத் திட்டித் தீர்த்தார். வாங்கிக்கொண்டேன்.

இப்போது வீதி அந்த இடத்தில் சற்று வளைந்து போகிறது. நேரான வீதி ஏன் இங்கே மட்டும் வளைகிறது என்று வானில் வருகிறவர்கள் கேட்பார்கள்.

"மாட்டுக்குக் கழுத்து தினவெடுக்கும், அதுதான்" என்று சொல்லி இறக்கிவிடுவேன்.