தட்டோடு வந்தவர்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மலேசியாவில் கிள்ளான் பக்கம், பண்டமாரானில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குத் தட்டோடு மூன்று பேர் வந்தார்கள். தட்டில் வெற்றிலை, பாக்கு, ஆரஞ்சுப் பழம், மல்லிகைப்பூ, ஒரு பட்டுப்புடவை. வந்தவர்கள் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் போர்க்லிஃப்ட் வண்டியின் ஓட்டுநர் ஒருவனுடைய அம்மா, மாமா, சித்தி. அவன் வரவில்லை. பெண் கேட்க வந்ததாகச் சொன்னார்கள்.

அந்தப் பெண் என் அறையில் இருந்தவள். இருபத்து மூன்று வயது. துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் அவளும் நானும் வேலை பார்த்தோம், அவனும் அங்கேதான். அந்த வாரம் ஒரு நாள் மாலை, மழை என்று அவன் காரில் ஏறியிருக்கிறாள். வழியில் ஓர் ஒதுக்குப்புறத்தில் காரை நிறுத்தி அவளைப் பலாத்காரம் செய்திருக்கிறான்.

மறுநாள் என்னிடம் சொன்னாள். கத்தினாயா என்று நான் கேட்கவில்லை. பதினாலு வயதில், படிவம் இரண்டோடு பள்ளியை விட்டவள் நான். கையுறைத் தொழிற்சாலை, மஸ்ஜித் இந்தியா துணிக்கடை, பங்சாரில் ஒரு சாப்பாட்டுக்கடை என்று ஓர் இடத்தில் கால் தங்காமல் சுற்றியிருக்கிறேன். பயத்தில் உடம்பு எப்படியெல்லாம் நடந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியும். அவளை அரசாங்க மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். பிறகு அவளே ஈப்போவில் லோரி ஓட்டும் அண்ணனுக்குப் போன் செய்தாள். அப்பா அம்மா இல்லாத வீடு, அண்ணன்தான் பெரியவன். அவன் அந்த ஓட்டுநரைக் கூப்பிட்டுக் கத்தியதற்கு அவர்கள் கொடுத்த பதில்தான் இந்தத் தட்டு.

பெண் வீட்டார் தட்டைக் கையில் வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது. பெண்ணிடம் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. தலை குனிந்து நின்றால் சரி என்று எடுத்துக்கொள்வார்கள். கேட்டரிங் வேலைக்குப் போன காலத்தில் அப்படிப் பல நிச்சயங்களில் நான் பாயசம் ஊற்றியிருக்கிறேன். பெண்ணுக்கு வெட்கம் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

முந்தின இரவே ஈப்போவிலிருந்து வந்திருந்த அண்ணனைப் பார்த்து மாமாதான் பேச்சைத் தொடங்கினார். "நடந்தது நடந்து போச்சு தம்பி. போலீஸ் கீலீஸ்னு போனா ரெண்டு குடும்பத்துக்கும் அசிங்கம். எங்க பையன் கட்டிக்கிறேன்னு சொல்றான் லா. ஓடியா போயிட்டான்?"

"ஓடலதான் அங்கிள். இங்க வரவும் இல்லையே," என்றேன்.

அவன் அம்மா என்னை முறைத்தாள். "நீ யாரும்மா நடுவுல? வாடகைக்கு இருக்கறவதானே?"

"ஆமா ஆன்டி. நீங்க உக்காந்திருக்கற எடத்துக்கும் சேத்துத்தான் வாடகை குடுக்கறேன்."

அந்த அம்மாள் அண்ணன் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "இஷ்டம் இல்லன்னா ஒரு சத்தம் போட்டிருக்கலாம்ல? தள்ளி விட்டிருக்கலாம்ல? ஒண்ணுமே சொல்லலையாம். எம்மவன் பொய் சொல்ல மாட்டான்."

அந்தப் பெண் சுவரோரம் தலை குனிந்து நின்றிருந்தாள். அண்ணன் அவளை ஒரு தடவை பார்த்தான். பிறகு தட்டை வாங்கக் கையை நீட்டினான். கெட்டவன் இல்லை. தங்கையின் பெயர் கெடாமல் இருக்க அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

"தம்பி, அவள ஒரு வார்த்த கேட்டியா?" என்றேன்.

"அதான் ஒண்ணும் சொல்லாம நிக்குதே அக்கா. வேணாம்னா சொல்லியிருக்கும்ல?"

அவள் தலையைத் தூக்கினாள். "அன்னிக்கும் நான் ஒண்ணும் சொல்லல அண்ணே. அவனும் உன்ன மாதிரியேதான் பேசறான்."

அண்ணனின் கை பாதியில் நின்றது. முகம் கறுத்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை. "எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். நான் போலீஸ் பாலாய்க்குப் போயி ரிப்போர்ட் குடுக்கப் போறேன்."

"யோசிச்சுப் பேசும்மா, பின்னால வருத்தப்படுவ," என்றார் மாமா.

"எடுத்துட்டுக் கெளம்புங்க அங்கிள்," என்றான் அண்ணன். அவசரத்தில் தூக்கியதில் ஓர் ஆரஞ்சு உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அதையும் தேடி எடுத்துக் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் அவள், அண்ணன், நான் மூவரும் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் போய், பெண்களுக்குக் காசு வாங்காமல் உதவும் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தோம். அவர் எதையும் பூசி மெழுகவில்லை.

"சம்மதம் இல்லாமன்னுதான் சட்டத்துல இருக்கு. கத்தணும், அடிக்கணும்னு இல்ல. ஆனா சம்மதம்னா எப்படி இருக்கணும்னு தெளிவா சொல்லல. அதனால கோர்ட்ல காயம் எங்க, ஏன் சத்தம் போடலன்னு உங்களத்தான் நோண்டுவாங்க. வேற சில நாட்டுல மாத்திட்டாங்க. அந்தப் பொண்ணு சம்மதிச்சான்னு உனக்கு எப்படித் தெரியும்னு அந்த ஆளக் கேக்கறாங்க. இங்கயும் அப்படி வரணும்னு நாங்க கேட்டுக்கிட்டு இருக்கோம்."

"அவனுக்கு அது தெரியாதுன்னு மட்டும் யாரும் சொல்லக்கூடாது மேடம்," என்றாள் அவள். "கெடங்குல அவன் வண்டிக்குக் கை காட்றது நான்தான். நான் கையத் தூக்காம ஒரு பெட்டியக்கூட அவன் தூக்க மாட்டான். நான் சும்மா நின்னா, நிறுத்துன்னு அவனுக்கு நல்லாவே தெரியும்."

வக்கீலம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "இத அப்படியே பாலாய்ல சொல்லுங்க."

கிள்ளான் போலீஸ் நிலையத்தில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர் மலாயில் விசாரித்தார். பொறுமையானவர்தான். ஆனாலும் எதிர்த்தாயா என்ற கேள்வி வந்தது. இல்லை, உடம்பு விறைத்துப்போனது என்றாள். கிடங்கில் கை காட்டும் வேலையையும் சொன்னாள். இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துக் கேட்டார்.

அவள் பேனாவை எடுக்கவில்லை. "எதிர்க்கவில்லை என்று இருக்கிறது. அது உண்மை. அவன் கேட்கவில்லை, நான் சம்மதிக்கவில்லை என்பதும் உண்மை. அதையும் போடுங்கள்."

"அது தனியாக வேண்டுமா?"

"வேண்டும்."

இன்ஸ்பெக்டர் சேர்த்து எழுதி மறுபடி படித்தார். அதன் பிறகே கையெழுத்துப் போட்டாள். பின்னால் நின்றிருந்த அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போனான்.

அந்த ஓட்டுநர் மீது குற்றம் சாட்டியிருக்கிறார்கள். வழக்கு நடக்கிறது. கூண்டில் நிற்க வைத்து அவளைக் குடைவார்கள் என்று வக்கீலம்மா சொல்லியிருக்கிறார். "கேக்கட்டும் அக்கா. நான் பதில் சொல்லிட்டுப் போறேன். அவனும் சொல்லட்டும்," என்கிறாள். சொல்லிவிடுவாள், எனக்குச் சந்தேகமில்லை. வழக்கமாக இந்நேரம் நான் பையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊர் பார்த்திருப்பேன். சாட்சிகளில் நானும் ஒருத்தி. முடியும்வரை பண்டமாரான்தான்.