தட்டுக்குத் தண்ணீர்

எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்தேன். எனக்குத் தெலுங்கு தெரியாது. மாமியாருக்கு வீட்டுக்குள் தெலுங்குதான். அவர் எதைக் கேட்டாலும் 'ஆங்' என்று தலையாட்டியே எட்டு மாதம் ஓட்டிவிட்டேன்.

நெசவு வீடு. கூடத்தைத் தறிக்குழி பிடித்துக்கொண்டது. பின்பக்கம் வெறும் பாறை. கீரை போட ஒரு பிடி மண் கிடையாது. அதனால் மாமியார் வெந்தயத்தை ஊறவைத்து, தட்டில் ஈரத்துணி விரித்துத் தூவிவிடுவார். துணி காயாமல் பார்த்துக்கொண்டால் ஒரு வாரத்தில் விரல் உயரம் நிற்கும். கத்தரிக்கோலால் நறுக்கிப் பருப்பில் போடுவோம். தண்ணீர் தெளிப்பது என் வேலை.

ஒருநாள் காலை மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீள்ளு போசுகுன்னாவா?" என்றார். நீள்ளு என்றால் தண்ணீர் என்ற அளவுக்குக் காது பழகியிருந்தது. அப்போதுதான் தட்டுக்குத் தெளித்திருந்தேன். "ஆங்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் கண் கலங்கிவிட்டது. அதன்பின் என்னைக் குடத்தைத் தொடவிடவில்லை. அன்று நறுக்கிய கீரை முழுவதும் நெய்யோடு எனக்கு. மகனுக்கு வெறும் பருப்பு. முட்டிவலியோடு மலைப்படி ஏறிப் போய், விபூதி கொண்டுவந்து என் நெற்றியில் பூசினார். தண்ணீர் தெளித்ததற்கா இவ்வளவு? எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. சிரித்துவைத்தேன்.

மூன்றாம் நாள் கணவர் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "முழுவாம இருக்கறியாமே. எங்கிட்ட ஏன் சொல்லல?"

தமிழில் பிள்ளை உண்டானவளை முழுகாமல் இருக்கிறாள் என்போம். தெலுங்கில் அவள் நீர் ஊற்றிக்கொண்டாளாம். முழுகுவதா, ஊற்றிக்கொள்வதா, குளிக்கவே பயமாகிவிட்டது எனக்கு. என் மேலேயே ஆத்திரம் வந்தது. எட்டு மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தவள் நான். என்னைவிட அதிகமாகக் காத்திருந்தவரிடம் போய் இல்லை என்று எப்படிச் சொல்வது?

கணவர் தானே சொல்வதாகச் சொன்னார். வேண்டாமென்று நானே போனேன். மாமியார் அடுத்த தட்டை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"இல்ல அத்தை. நான் தட்டுக்குத்தான் ஊத்தினேன்."

கத்தரிக்கோல் நின்றது. பிறகு மிச்சத்தையும் நறுக்கி, நெய்யில் வதக்கி, என் முன்னால் வைத்தார். "துன்னு" என்றார், எனக்காகத் தமிழில். "இது ஒரு வாரத்துல வருது. அது வர்றப்போ வரட்டும்."

மறுநாளிலிருந்து அவர் கேள்வியும் தமிழுக்கு மாறியது. "தட்டுக்குத் தண்ணி ஊத்தினியா?" என்பார். 'தட்டுக்கு' என்பதை ஒருநாளும் விட்டதில்லை. எனக்குத்தான் ஆங் என்று சொல்ல வெகுநாள் வாய் வரவில்லை.